சகலையின் அடைப்புக்குறி

என் சகலையை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு மறைக்கிற வேலை மிச்சம்.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஆயுள் முழுக்கத் துணிக்கடையில் சட்டை விற்றான். நான் லாரி ஓட்டினேன். அவன் யாரிடம் பேசினாலும் கழுத்து அளவு சரியாக இருக்கிறதா என்று விசாரிப்பது போல இருக்கும். நான் பேசினால் முன்னால் போகிறவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்ந்து ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். அவனுக்கு மூன்றாவது மாடி. எனக்குத் தரைத்தளம். அவன் வீட்டு ஜன்னலில் காற்று வருகிறது. என் வீட்டு ஜன்னலில் செருப்புகள் தெரிகின்றன.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடி விஷயத்தில்தான்.

முன்பெல்லாம் யார் முதலில் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறார்களோ அவர்களுக்குக் கயிறு. பிந்தி வந்தவர்கள் திட்டுவார்கள். முந்தி வந்தவர்கள் திருப்பித் திட்டுவார்கள். அதற்குள் துணி காய்ந்துவிடும். யாருக்கும் குறை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்போதுதான் எழுத்துக்கணக்கு வாரியம் எங்கள் கட்டடத்துக்குள் நுழைந்தது.

ஊரில் இருக்கிற சில்லறைப் பிரச்சினைகளை எல்லாம் எழுத்தும் எண்ணுமாகக் கோத்து ஒரு வரியில் எழுதிவிடுவது அந்த வாரியத்தின் வேலை. அந்த வரிக்குக் கோவை என்று பேர். ரொட்டிக் கடையில் ஏற்கெனவே ஒன்று எழுதி மாட்டியிருந்தார்கள். வீட்டில் எத்தனை பேரோ அதை மூன்றால் பெருக்கி, விருந்தாளிக் கணக்கைக் கூட்ட வேண்டும். விருந்தாளியே வராதவர்கள் விருந்தாளிக்குப் பதில் சுழியம் என்று கடைக்காரர் முன்னால் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ரொட்டி. விருந்தாளி வராத வீடுகள் எவை என்று தெருவுக்கே தெரிந்துபோனது. பேருந்தில் இன்னும் மோசம். இறங்கியவர்களைக் கழித்து ஏறியவர்களைக் கூட்டிக் கண்டக்டர் விடை சொல்வதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். சொன்ன விடை போன நிறுத்தத்துக்குச் சரியாக இருக்கும்.

கொடிக்குக் கோவை எழுதிய அன்று வாரியத்தின் தலைவி அம்மாவே மொட்டைமாடிக்கு வந்தார். எல்லாரையும் வெயிலில் நிற்க வைத்து, தனக்கு மட்டும் ஒரு குடையைப் பிடிக்கச் சொல்லிப் பேசினார்.

"இதுக்கு முன்னாடி உங்க பிரச்சினை என்னன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். தீர்வுதான் இல்ல. இன்னையிலிருந்து தீர்வு இருக்கு. பிரச்சினை என்னன்னுதான் யாருக்கும் தெரியாது. இதத்தான் நாங்க முன்னேற்றம்னு சொல்றோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். சகலை மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினான்.

சுவரில் நீலச் சாயத்தில் எழுதினார்கள்:

2ந + ம − 3ச

ந என்றால் வீட்டில் உள்ள நபர்கள். ம என்றால் மாடி. ச என்றால் கொடிக்காகப் போட்ட சண்டை. அவரவர் எண்ணை எழுத்துக்குப் பதிலாக உள்ளே போட்டுக் கணக்குப் பார்த்தால் வருகிற விடை அவரவர் கயிற்றின் நீளம், மீட்டரில்.

சகலை வீட்டில் இரண்டு பேர். இரண்டு தடவை இரண்டு நான்கு. மூன்றாவது மாடி, கூட்டினால் ஏழு. சண்டை இல்லை. ஏழு மீட்டர்.

என் வீட்டிலும் இரண்டு பேர்தான். அதே நான்கு. தரைத்தளத்துக்கு மாடி சுழியம். சண்டை ஒன்று. அதற்கு மூன்று போனால் மிச்சம் ஒரு மீட்டர்.

"மாடில இருக்கிறவனுக்கு எதுக்கய்யா கூடுதல்?" என்று அளக்க வந்தவரைக் கேட்டேன்.

"மேல போகப் போக மொட்டைமாடிக்குக் கிட்ட வர்றாங்க இல்லீங்களா. ஈடுபாடு அதிகம்."

"சரி, என் பேர்ல ஒரு சண்டை எழுதியிருக்க. அது யாரோட போட்ட சண்டை?"

"உங்க சகலையோட."

"அப்ப அவன் பேர்லயும் ஒண்ணு இருக்கணுமே? நான் தனியா நின்னா சண்டை போட்டேன்?"

அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "சத்தம் உங்களோடது மட்டும்தான் பதிவாகியிருக்கு."

அது உண்மைதான். அவன் சண்டை போடும்போதுகூடச் சட்டையை மடித்துக் கொடுக்கிற குரலில்தான் போடுவான்.

ஒரு மீட்டரில் என்ன காயப்போட முடியும்? என் பனியன் ஒன்று, துண்டு ஒன்று. என் மனைவியின் போர்வை ஒன்றே இரண்டு மீட்டர். முதல் வாரம் அதைக் கட்டில் மேல் விரித்தாள். காய்வதற்குள் கட்டில் நனைந்தது. இரண்டாவது வாரம் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனவள் வெறும் வாளியோடு இறங்கி வந்தாள்.

"எங்க போட்ட?"

"தங்கச்சி கொடியில. அவளே கூப்பிட்டா. அவரும் இருந்தாரு. 'அக்கா, ஒரு நிமிஷம்'னு கயித்தத் துணியால தொடச்சு விட்டாரு. இத்தன வருஷத்துல நீங்க ஒரு நாள் கயித்தத் தொடச்சிருக்கீங்களா?"

"கயித்த எதுக்குடி தொடைக்கணும்?"

"அதத்தான் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை நான் மெல்ல மேலே ஏறிப் பார்த்தேன். என் ஒரு மீட்டரில் என் பனியன் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே சகலையின் ஏழு மீட்டர். அதில் வரிசையாக அவன் சட்டைகள். அவற்றுக்கு அடுத்து என் மனைவியின் போர்வை, தலையணை உறை, அவள் துணிமணி. காற்று அடித்தது. அவன் முழுக்கைச் சட்டையின் கை தூக்கிக்கொண்டு வந்து என் மனைவியின் போர்வை மேல் விழுந்தது. காற்று நின்றது. கை அங்கேயே கிடந்தது.

நான் போய் அந்தக் கையை எடுத்து அந்தப் பக்கம் போட்டேன். மறுபடி காற்று அடித்தது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் பெண்டாட்டியின் துணி என் கொடியில் காய வேண்டும். அதற்கு மேல் இந்த உலகத்தில் யார் கயிறு எவ்வளவு நீளமாக இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை என்றுதான் நினைத்தேன்.

அது பொய் என்று அடுத்த வாரமே தெரிந்தது. சகலையின் கொடி பத்து மீட்டர் ஆகியிருந்தது.

படிக்கட்டில் அவனைப் பிடித்தேன். "டேய் சகலை, உன் வீட்டுல யாராவது புதுசா வந்திருக்காங்களா?"

"இல்லண்ணே."

"மாடி ஏதாவது ஏறியிருக்கா?"

"அதே மாடிதாண்ணே. வாரியத்துல போய்ச் சும்மா பேசிட்டிருந்தேன். நல்ல மனுஷங்க. அடைப்புக்குறி ஒண்ணு போட்டுக் குடுத்துட்டாங்க."

சுவரில் அவன் பேருக்கு நேரே தனியாக எழுதி வைத்திருந்தார்கள்:

2(ந + ம) − 3ச

முன்னால் இருக்கிற இரண்டு இப்போது நபர்களோடு நிற்காமல் மாடியையும் சேர்த்துப் பெருக்குகிறது. இரண்டும் மூன்றும் ஐந்து, இரண்டு மடங்கு பத்து. வெறும் இரண்டு வளைகோடு. அதற்கு மூன்று மீட்டர் கயிறு.

என் மனைவி அதை நின்று பார்த்தாள். "ரெண்டு பக்கமும் வளைச்சுப் போட்டுக் குடுத்திருக்காங்க. பாக்கவே எவ்வளவு லட்சணமா இருக்கு! நமக்குப் பாருங்க, எழுத்தெல்லாம் தெருவுல நிக்கிற மாதிரி நிக்குது."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கியபோது எனக்கு இப்படி இருந்ததில்லை. காருக்கு அவன் உழைத்தான். இவன் சும்மா பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் காலையில் வாரியத்துக்குக் கிளம்பினேன்.

வாசலில் காவலாளி வழியை மறித்தார். "உங்களுக்குத் தெரியாதது என்ன?"

"எனக்கு எல்லாம் தெரியும். வழிய விடு."

"எல்லாம் தெரிஞ்சவங்களுக்கு இங்க வேலை இல்லீங்க. தெரியாதது ஒண்ணாவது இருக்கணும். அதுக்கு ஓர் எழுத்து வைப்பாங்க. அப்புறம்தான் உள்ள விட முடியும்."

"என் பொண்டாட்டி ஏன் அவன் கொடிக்குப் போறாள்னு தெரியல."

காவலாளி கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "அதுக்கு இங்க எழுத்து இல்ல பெரியவரே. நீளம், எடை, நேரம் இந்த மாதிரி ஏதாவது சொல்லுங்க."

"அப்ப என் கயித்து நீளம் எவ்வளவு ஆகப்போகுதுன்னு தெரியல."

"அப்படிச் சொல்லுங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

எழுத்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஞ கொடுத்தார்.

"ஞவா? நாலு பேர்கிட்ட எப்படிம்மா சொல்றது இத? வேற நல்லதாப் பாத்துக் குடு."

"நல்ல எழுத்தெல்லாம் போயிடுச்சு ஐயா. ஞவும் ஙவும்தான் இருக்கு. ங வேணுமா?"

"என் சகலைக்கு என்ன குடுத்தீங்க?"

அவர் கணினியில் தட்டிப் பார்த்தார். "அவருக்குக் க."

க! உயிர்மெய்யில் முதல் எழுத்து! குழந்தைகூடத் தடுமாறாமல் சொல்கிற எழுத்து. அவனுடைய கயிறு க என்று கம்பீரமாக நிற்கும். என்னுடையது ஞ என்று மூக்கால் அழும்.

"அவன் அப்படி என்ன பண்ணினான், க குடுக்குற அளவுக்கு?"

"அவரு வந்து 'உங்களுக்கு எது சௌகரியமோ அதக் குடுங்கம்மா'ன்னாரு. அப்படி யாருமே கேட்டதில்ல."

ஞவை வாங்கிக்கொண்டு அடைப்புக்குறிப் பிரிவைத் தேடிப் போனேன். போகிற வழியில் ஊழியர்கள் தேநீர் குடிக்கிற அறை. பத்துப் பேர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்கள்.

"ஏன் நிக்கிறீங்க? ஆறிடாதா?"

"ஆறிடுச்சு" என்றார் ஒருவர். "சர்க்கரைக் கோவை மேல போயிருக்கு. எத்தன கரண்டின்னு விடை வரணும்."

"உங்களுக்கு எத்தன கரண்டி வேணும்?"

"ரெண்டு."

"போட்டுக் குடிக்க வேண்டியதுதானே."

அவர்கள் எல்லாரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். கடைசியில் ஒரு வயதான குமாஸ்தா சொன்னார்: "ரெண்டுன்னு எங்களுக்கும் தெரியும். ஆனா தெரிஞ்சத வெச்சு ஒரு காரியம் செஞ்சா, அப்புறம் இந்த அலுவலகம் எதுக்குன்னு கேப்பாங்க."

அடைப்புக்குறிப் பிரிவின் அதிகாரி ஒல்லியான மனிதர். அவர் மேசையில் அடைப்புக்குறி போல வளைத்துச் செதுக்கிய இரண்டு மரத்துண்டுகள் இருந்தன. பேசும்போது அந்த இரண்டையும் தன் சொற்களுக்கு இரு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"சொல்லுங்க."

"என் சகலைக்குக் குடுத்த மாதிரி எனக்கும் அடைப்புக்குறி வேணும்."

"எதுக்கு?"

"அவன்கிட்ட இருக்கு."

அதிகாரி தலையாட்டினார். அது போதுமான காரணம் என்பது போல எழுதிக்கொண்டார். "பொதுவா எல்லாரும் இதுக்காகத்தான் வர்றாங்க. நீங்கதான் வெளிப்படையாச் சொல்றீங்க." பிறகு ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தார். "பாருங்க, அவருக்குப் போட்ட மாதிரியே உங்களுக்குப் போட்டா, ரெண்டும் சுழியமும் ரெண்டு. ரெண்டு மடங்கு நாலு. சண்டைக்கு மூணு போனா ஒண்ணு. பழைய ஒரு மீட்டரேதான். உங்களுக்குப் பெருக்கறதுக்கு மாடியே இல்லையே."

"அப்ப அவனோடத விடப் பெருசாப் போடு."

"பெருசான்னா?"

"அவன் அடைப்புக்குறிக்குள்ள ரெண்டு எழுத்துதானே இருக்கு? எனக்கு எல்லா எழுத்தும் உள்ள வரணும். ஒண்ணும் வெளிய நிக்கக் கூடாது."

"சண்டையையும் உள்ள விடணுமா?"

"ஏன், என் சண்டை வெளிய நிக்கணும்னு சட்டமா?"

"உள்ள வந்தா எல்லாமே ரெண்டு மடங்கு ஆகும் பெரியவரே."

"ஆகட்டுமே! என்னோடது ரெண்டு மடங்கு ஆனா உனக்கு என்ன கஷ்டம்? இப்படித்தான் எல்லா இடத்துலயும் எங்களப் பாதியில நிறுத்துறீங்க."

நாற்பது வருஷம் லாரி ஓட்டியவனை ஒருவன் தடுத்துப் பேசினால், அவன் எதையோ ஒளிக்கிறான் என்றுதான் அர்த்தம். நான் மேசையைத் தட்டினேன். மரத்துண்டு ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து வைத்தார்.

"இது என் முடிவு இல்ல. பிரதியீட்டு அதிகாரி பாக்கணும்" என்று அடுத்த அறைக்கு அனுப்பினார்.

எழுத்துக்குப் பதில் எண்ணை உள்ளே போடுகிற வேலைக்குப் பிரதியீடு என்று பேர். அந்த அதிகாரி பருத்த, அமைதியான மனிதர். நான் பக்கத்திலேயே நின்றும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான்தான் ஐயா அந்த ஞ."

"பேசாதீங்க" என்றார் மெதுவாக. "நான் இருபது வருஷமா இந்த வேலைல இருக்கேன். ஒரு மனுஷனக்கூட நேரா பாத்ததில்ல. பாத்தா கணக்கு தப்பாயிடும். முதல்ல அவரு முகத்தப் பாப்பேன். அப்புறம் அவரு சொல்றது நியாயம்னு தோணும். அப்புறம் அவருக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு குடுத்துடலாம்னு தோணும். அப்படி ஆரம்பிச்சா இந்த வாரியம் ஒரு நாள் தாங்குமா?"

"தாங்காதுதான்" என்றேன். வேறு என்ன சொல்வது.

அவர் முத்திரையைக் குத்தினார். பெரிய அடைப்புக்குறி எனக்குக் கிடைத்துவிட்டது. விடை எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சகலையின் அடைப்புக்குறியைவிட என்னுடையது பெரிது. அந்த நினைப்பே வீடு வரைக்கும் போதுமானதாக இருந்தது. வழியில் ஒரு கடை ஜன்னலில் என் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தது.

சுவரில் என் பேருக்கு நேரே எழுதினார்கள்:

2(ந + ம − 3ச)

சகலை வந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. அதற்காகவே நான் மாடிப்படி எல்லாம் ஏறி வந்து காத்துக்கொண்டிருந்தேன்.

"பெருசா இருக்கேண்ணே" என்றான்.

"கேட்டு வாங்குற விதத்துல இருக்கு" என்றேன்.

என் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா? எல்லா எழுத்தும் உள்ள. ஒண்ணுகூட வெளிய இல்ல."

"சரி, கயிறு எப்ப கட்டுவாங்க?"

"நாளைக்கு."

மறுநாள் வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அளப்பவர். மற்றவர் அவர் அளப்பதைப் பார்ப்பவர். இரண்டு பேர் கையிலும் கயிறு இல்லை.

"கயிறு எங்க?"

அளப்பவர் ஆணையைப் படித்தார். "ரெண்டு பேர். மாடி சுழியம். சண்டை ஒண்ணு, மூணு கழியுது. ரெண்டுல மூணு போனா மைனஸ் ஒண்ணு. அடைப்புக்குறி பெருசுங்கிறதால அது ரெண்டு மடங்கு ஆகுது. ஞவோட மதிப்பு மைனஸ் ரெண்டு மீட்டர்."

"அப்படின்னா?"

"பிளஸ்னா வாரியம் உங்களுக்குக் குடுக்கும். மைனஸ்னா நீங்க மொட்டைமாடிக்குக் குடுக்கணும். ரெண்டு மீட்டர்."

நான் அவரையும் பார்ப்பவரையும் மாறி மாறிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. "எனக்கு இருந்த ஒரு மீட்டர்?"

பார்ப்பவர் அதற்குள் என் பனியனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சரி. கடையில ரெண்டு மீட்டர் கயிறு வாங்கித் தொலைக்கிறேன்."

"அது வாங்கின நீளம் ஐயா. கணக்குல வந்த நீளம் இல்ல. அத ஏத்துக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. உங்ககிட்டயே இருக்கிற நீளம்தான் வேணும்." அவர் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "கையை நீட்டுங்க பெரியவரே. ரெண்டு பக்கமும்."

என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் நீட்டிவிட்டேன். கையை நீட்டு என்று சொன்னால் நீட்டுவது ஆஸ்பத்திரியில் பழகிய பழக்கம். அவர் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை அளந்தார். கொஞ்சம் குறைந்தது. துடைப்பக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் வலது கையில் கொடுத்தார். மறுபடி அளந்தார். பார்ப்பவர் பார்த்தார். இரண்டு மீட்டர்.

"துணி துவைக்கிற நாள்ல, துணி காயிற வரைக்கும் நீங்க இங்க இப்படி நிக்கணும். யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். மேல்முறையீடு பண்ணலாம், ஆனா அதுக்கும் கையைக் கீழ போடாம வரணும்."

என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று துவைக்கிற நாள். மொட்டைமாடியின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். சகலை ஏறி வந்தான். என்னைப் பார்த்தான். தன் பத்து மீட்டரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகத் துடைத்தான். அவன் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவன் விசில் அடித்தான். எட்டி உதைக்கலாம் என்றால், நகர்ந்தால் நீளம் குறையுமோ என்று சந்தேகம்.

அப்போது என் மனைவி வாளியோடு வந்தாள்.

அவள் படி முடிகிற இடத்தில் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் பளபளவென்று கிடந்த பத்து மீட்டரைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். இந்த நேரத்தில் அவள் அங்கே போய் அந்தப் போர்வையை விரித்தால், இந்தக் கையை இனிக் கீழே போட்டாலும் ஒன்றுதான், மேலே வைத்திருந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

"அக்கா, இந்தப் பக்கம் தொடச்சு வெச்சிருக்கேன்" என்றான் சகலை.

அவள் போர்வையை உதறினாள். நேரே வந்து என் இடது கையில் போட்டு இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டாள். சொட்டச் சொட்ட ஈரம். என் சட்டை முழுக்க நனைந்தது.

"அங்கதான் இடம் கிடக்குதே" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"அங்க காத்தடிச்சா கீழ விழுது. நீங்கன்னா புடிச்சுக்குவீங்க. ஆடாம நில்லுங்க. வெயில் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. கயிறு திரும்பாது. நான் திரும்பினேன். காக்கை ஒன்று வந்து உட்காரப் பார்த்தது. நான் ஒரு அதட்டு அதட்டினேன். அது மட்டும் இல்லை, எதிர் வீட்டு மாடியில் இருந்தவையும் பறந்துவிட்டன. என் மனைவி தலையணை உறையைத் துடைப்பக்கட்டையில் மாட்டினாள். பிறகு அவள் துணிமணியை எல்லாம் ஒவ்வொன்றாக என் மேல் போட்டாள். கடைசியில் தன் துண்டை எடுத்து வெயில் படாமல் என் தலையில் கட்டிவிட்டாள். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு நேரம் அவள் என் பக்கத்தில் நின்றதில்லை.

"வலிக்குதா?"

"இல்ல" என்றேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கொழுந்தியாள் வந்தாள். அவளும் பத்து மீட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாமா, அந்த வலது கைல முட்டிக்கிட்ட இடம் இருக்கா? எங்க கொடியில போட்டா போன வாரம் மாதிரி புறா அசிங்கம் பண்ணிடுது."

"உன் துணி போடும்மா. உன் புருஷன் சட்டைக்குத்தான் பத்து மீட்டர் இருக்குல்ல."

அவள் தன் துணியைப் போட்டாள். இரண்டாவது மாடியிலிருந்து ஒரு அம்மா குழந்தையின் காலுறைகளை என் விரல்களில் மாட்டினாள். பத்து மீட்டர் கயிற்றில் ஒரே ஒரு முழுக்கைச் சட்டை. காற்று அடிக்கும்போது அதன் கை தூக்கி எதையாவது தொடப் பார்த்தது. தொடுவதற்கு ஒன்றும் இல்லை.

சகலை கயிற்றைத் துடைத்த துணியை மடித்துக்கொண்டே மெல்ல என் பக்கம் வந்தான். குரலைத் தாழ்த்தினான். அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். நாலு வாரமாகக் கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது.

"அண்ணே, எனக்கு மட்டும் சொல்லுங்க. இந்த மைனஸ எப்படிண்ணே வாங்குனீங்க?"

"கை வலிக்குது, பேசாத."

"சண்டைய உள்ள விடணுமா? அப்படித்தானே? எனக்குச் சண்டையே இல்லையேண்ணே. நான் என்ன செய்யட்டும்?"

"பாவம், சொல்லுங்களேன் அவருக்கு" என்றாள் என் மனைவி.

நான் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே வாரியத்துக்குப் போய்ச் சும்மா பேசிக்கொண்டிருப்பான். எனக்கு மைனஸ் இரண்டு கொடுத்தவர்கள் அவனுக்கு மைனஸ் இருபது கொடுப்பார்கள். இருபது மீட்டருக்குக் கைக்கு எங்கே போவான் என்று கேட்கலாம். துணிக்கடைக்காரன். எங்கிருந்தாவது கொண்டு வந்துவிடுவான்.

வெயில் அந்தப் பக்கம் போகவில்லை. இருந்தாலும் போர்வை நழுவாமல் மெதுவாகச் சுற்றி, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.